கொம்பியூட்டருக்கு வைத்த தண்ணீர் முறை

போன கிழமை கிணறு வெட்டியதை எழுதினேன். இந்தக் கிழமை தேத்தண்ணி ஊற்றியதை எழுதுகிறேன்.

கமக்காரர் அமைப்புக் கட்டடத்தில் கூட்டம் நடந்தது. பின்னேரம். வெயில் யன்னல் கம்பிக்குள்ளால் வந்து சீமெந்துத் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. உர வாசம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் உரம் இல்லாத நாளிலும் அந்த வாசம் இருக்கும்.

கூட்டம் என்றால் தேத்தண்ணி என்னுடைய வேலை. பெரிய கேத்தில் ஒன்று. கப்புகள். சீனி தனியாக ஒரு போத்தலில். சிலருக்குச் சீனி வருத்தம். ஆருக்கு வேணும், ஆருக்கு வேண்டாம் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மேசையில் ஆறு லப்ரொப் இருந்தன.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து அனுப்பியவை. பரந்தன் சந்தி வரை வானில் வந்தன. அங்கிருந்து லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே படங்கு விரித்துக் கொண்டு வந்தார்கள். விதைநெல்லைக்கூட அப்படிக் கொண்டுவந்ததை நான் காணவில்லை. பையைத் திறந்தபோது உள்ளேயும் வைக்கோல் தும்பு.

பள்ளிக்கூடத்தில் ஒரு கொம்பியூட்டர் அறை இருக்கிறது. எல்லா வகுப்புக்கும் அது ஒன்றுதான். ஒரு மெசினுக்கு நாலைந்து பிள்ளைகள். பின்னேரம் பூட்டு. அதனால் இந்த ஆறையும் கமக்காரர் கட்டடத்தில் வைப்பது என்று முடிவானது. கரண்ட் இருக்கிறது. யன்னலுக்குக் கம்பி இருக்கிறது. சிக்னலும் அங்கே பிடிக்கும். எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் இல்லை.

படிப்பிக்க நிரோஜா ரீச்சர் வந்தா. கம்பஸ் படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பிள்ளை. சும்மா இருக்கிறதுக்கு இதைச் செய்கிறேன் என்றா. சும்மா இருக்கிறவர்கள் அவ்வளவு பாடுபடுவதை நான் பிறகு காணவில்லை.

ஆருக்கு முதல்

வைப்பது எங்கே என்று முடிந்தது. ஆருக்கு முதல் என்பது முடியவில்லை.

எங்கள் ஊர் ஒரு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நீளமாகக் கிடக்கிற ஊர். குளத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் மேல்வாய்க்கால்காரர். தண்ணீர் அவர்களைத் தாண்டித்தான் கீழே வரும். நாங்கள் கடைசி. எங்களைக் கடைவாய்க்கால் என்பார்கள். கட்டடம் மேலே இருக்கிறது.

"கட்டடம் எங்கட பக்கத்தில கிடக்கு. எங்கட பிள்ளையள் முதல் பழகட்டும்" என்றார் மேல்வாய்க்காலில் ஒருவர்.

"ஓம். தண்ணிக்கும் முந்தி உப்பிடித்தான் சொன்னனீங்கள். எங்கட வயல் வெடிச்சுக் கிடந்தது" என்றார் கீழே இருந்து வந்த பொன்னையா அண்ணை.

"அது பழைய கதை."

"காய்ஞ்சது என்ர வயல். எனக்கு அது பழசில்லை."

சத்தம் கூடியது. அமைப்புத் தலைவர் சின்னராசா அண்ணை கையைத் தூக்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத்துக்கு வந்த குடும்பம். மேல்வாய்க்காலில் அஞ்சு ஏக்கர் செய்கிறவர். கோபம் வந்தாலும் பகிடியாகத்தான் கதைப்பார்.

"அடிபடுறதெண்டா லப்ரொப்பைத் திருப்பி அனுப்புவம். அதுக்குப் பதிலா மண்வெட்டி அனுப்பச் சொல்லுவம். அதுக்கெண்டா ஒருத்தரும் முன்னுக்கு வரமாட்டியள்."

சிரித்தார்கள். ஆனாலும் முடிவு வரவில்லை. நான் அவருக்குக் கப்பை நீட்டினேன். சீனி இல்லாதது.

"அண்ணை, தண்ணிக்கு ஒரு முறை இருக்குத்தானே. அதையே இதுக்கும் வையுங்கோவன்" என்றேன்.

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

தண்ணீர் முறை என்பது எங்கள் ஊரில் லேசாக வந்ததில்லை. மண்வெட்டிப் பிடியால் அடிபட்டு, பொலிஸ் வரை போய், பிறகு எல்லாரும் இருந்து கதைத்துச் செய்தது. கடைவாய்க்காலுக்கு முதல் திறப்பது. அங்கிருந்து ஒவ்வொரு வயலாக மேலே வருவது. ஏக்கருக்கு இவ்வளவு நேரம். அது வந்த பிறகு ஒருவரும் அடிபட்டதில்லை.

"கமலம் சொல்லுறது சரி" என்றார் சின்னராசா அண்ணை. "ஏக்கருக்கு ஒரு மணித்தியாலம். கடையில இருந்து தொடங்குவம். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

ஒருவருக்கும் மறுப்பு இல்லை. எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள். எனக்கு மனம் நிறைந்திருந்தது. கூட்டத்தில் நான் சொல்லி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல்.

வீட்டுக்குச் சைக்கிளில் வந்தேன். மகள் தர்சினி வாசலில் நின்றாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. நடந்ததைச் சொன்னேன்.

சைக்கிளை வாங்கி வேலியில் சாத்தினாள்.

"அம்மா, எங்களுக்கு எத்தினை ஏக்கர்?"

இல்லாத வயல்

எங்களுக்கு வீட்டுக்காணி இருக்கிறது. வயல் இல்லை.

அப்பா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே கலவரத்தில் அடித்துக் கலைத்தபோது லொறி ஏறி வன்னிக்கு வந்தவர். வந்தவர்களுக்குக் காடு வெட்டும் வேலை கிடைத்தது. வெட்டிய காடு வயலானது. வயல் வேறு ஆட்களுக்குப் போனது. எங்களுக்கு அதில் கூலி வேலை கிடைத்தது. குறை சொல்ல இதை எழுதவில்லை. நடந்தது இதுதான். எங்களைப் போல கடைவாய்க்காலில் கனபேர் இருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஒரு ரேடியோ இருந்தது. சண்டைக் காலத்தில் கரண்டும் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரும் ஓய்ந்துபோவார்.

"சுத்து புள்ள, வுட்றாத. ஆளு பேசிக்கிட்டு இருக்காருல்ல" என்பார் அப்பா. வன்னியில் இத்தனை வருசம் இருந்தும் அவருடைய பேச்சு மாறவில்லை.

முற்றம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். நான் வேகமாகச் சுற்றினால் குரல் தெளியும். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும். செய்தியில் என்ன சொன்னார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. சுற்றுவதில்தான் கவனம்.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு இடம்பெயர்வு. பிறகு வேலை. தர்சினியின் அப்பா கடைசிச் சண்டையில் இல்லாமல் போனார். அதை இந்தத் தொடரில் முன்னமே எழுதிவிட்டேன். இங்கே திரும்ப எழுதவில்லை.

வடிச்சல்

முறை தொடங்கியது. சனிக்கிழமை காலையில் கடைவாய்க்காலில் வயல் இருப்பவர்களின் பிள்ளைகள் போனார்கள். பிறகு மேலே மேலே. மூன்று ஏக்கர்காரரின் மகனுக்கு மூன்று மணித்தியாலம். ஒரு ஏக்கர்காரரின் மகளுக்கு ஒன்று. கூலிக்காரரின் பிள்ளைகளுக்கு இல்லை.

ஆரும் வேணுமென்று செய்யவில்லை. தண்ணீர் முறையை அப்படியே தூக்கி வைத்தார்கள். அதில் வயல் இல்லாதவனுக்குப் பங்கு இல்லை. வயல் இல்லாதவனுக்கு வாய்க்கால் தண்ணீர் என்னத்துக்கு? அந்த யோசனையில் போய்விட்டது. சொன்ன நானே யோசிக்கவில்லை.

வயலில் வடிச்சல் தண்ணீர் என்று ஒன்று உண்டு. மேல் வயலில் பாய்ந்து மிஞ்சி வடிந்து வருவது. அதைக் கீழே உள்ளவர் மறித்துப் பாய்ச்சலாம். ஆரும் கேட்கமாட்டார்கள்.

தர்சினியும் அப்படித்தான் தொடங்கினாள். கட்டட வாசலில் போய் நிற்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு, படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். முறை உள்ள பிள்ளை வேளைக்கு எழும்பிப் போனால் ரீச்சர் கண்ணைக் காட்டுவா. இவள் போய் இருப்பாள். உரிய பிள்ளை திரும்பி வந்தால் எழும்பிவிடுவாள்.

பவளம் மேல்வாய்க்காலில் இருக்கிறா. கச்சான் தோட்டமும் உண்டு. நிலக்கடலையைத்தான் நாங்கள் கச்சான் என்போம். நான் அவவிடம்தான் கச்சான் ஆயப் போவேன். கிளப்பிய செடியிலிருந்து கச்சானைப் பிடுங்கிச் சேர்ப்பதுதான் ஆய்வது. அவவின் மகன் கஜனும் தர்சினியும் ஒரே வகுப்பு. மூன்று மணித்தியால முறையில் அவன் ஒரு மணித்தியாலத்தில் எழும்பிவிடுவான்.

"நீ இருந்து அடி. நான் மச் விளையாடப் போறன். அம்மா கேட்டா நான் உள்ளதான் எண்டு சொல்லு" என்பானாம்.

"நான் பொய் சொல்லமாட்டன். கேட்டா மூத்திரம் பெய்யப் போட்டானெண்டு சொல்லுறன்."

"ரெண்டு மணித்தியாலமாவோ?"

தர்சினி வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு நாள் நிரோஜா ரீச்சர் என்னைக் கூப்பிட்டா.

"அக்கா, தர்சினிக்கு இது நல்லா வருது. சாதாரண தரச் சோதனையில இந்தப் பாடத்தில நல்ல பெறுபேறு எடுத்தா கிளிநொச்சியில தொழில்நுட்பப் பிரிவில சேரலாம். ஆனா இப்பிடி மிச்சத்தில பழகிக் காணாது. அரைவாசியில எழும்புறாள். அடுத்த நாள் திரும்ப முதல்ல இருந்து தொடங்குறாள். அவளுக்கெண்டு ஒரு நேரம் வேணும்."

நான் தலையாட்டினேன்.

பூட்டிய வாசல்

அதோடு இன்னொன்றும் நடந்தது. கஜன் செய்து வைத்த வேலை ஒன்று அழிந்துபோனது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டியது. பவளம் கட்டடத்துக்கு வந்து சத்தம் போட்டா.

"முறை இல்லாத பிள்ளையளை உள்ள விட்டா உப்பிடித்தான். கண்டதையும் தட்டி அழிச்சுப் போடுங்கள்."

அமைப்பு முடிவெடுத்தது. முறை இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது. ரீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தா. கட்டடம் அமைப்பினுடையது. அவவால் ஏலவில்லை.

தர்சினி வீட்டுக்கு வந்தாள். முகத்தைக் கழுவினாள்.

"இனி வடிச்சலும் இல்லையாம்" என்றாள்.

அழவில்லை. என்னோடு கச்சான் ஆய வந்து இருந்தாள். நான் ஆய்வது வலக்கையால். செடியை இடக்கையில் பிடிப்பேன். அவள் செடியைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு பத்து விரலாலும் ஆய்ந்தாள். என்னைவிட வேகம். விரல் அப்படிப் பழகியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது சந்தோசமாக இல்லை.

"அம்மா, நான் அந்தப் பாடத்தை விடுறன். வேற எடுக்கிறன்."

"என்ன பாடம்?"

"மனைப்பொருளியல்."

"சமைக்கிறதுக்கு வீட்டில நான் இருக்கிறன்" என்றேன்.

எனக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முறையைச் சொன்னது நான். அதை எடுப்பதென்றாலும் நான்தான் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது என்றுதான் தெரியவில்லை. பிச்சை கேட்கிற மாதிரிக் கேட்க எனக்கு வராது.

அந்த வருசம் கடும் வறட்சி. கிணறுகள் அடியில் கிடந்தன. குடிதண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறி வந்தது. குளக்கட்டடியில் வாளி, கான், குடம் எல்லாம் வரிசையில். நான் என் கானோடு நின்றேன். எனக்கு முன்னால் பவளம். அவவுக்கு முன்னால் சின்னராசா அண்ணை, இரண்டு கானோடு.

பவுசர்காரத் தம்பி குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "வீட்டில எத்தினை பேர் ஐயா?"

"நாலு பேர், தம்பி."

அளந்து ஊற்றினான். அடுத்தது பவளம். அதே கேள்வி. அடுத்தது நான். அதே கேள்வி.

தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது சொல்ல வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது.

கேத்திலை வைத்துவிட்டு

மாரி விதைப்புக்கு முதல் ஒரு பெரிய கூட்டம் நடக்கும். எப்போது விதைப்பது, எந்த நெல், யானைக்கு என்ன செய்வது. வயல்காரர் எல்லாரும் வருவார்கள்.

நான் வழமைபோலத் தேத்தண்ணி ஊற்றினேன். எல்லாருக்கும் கொடுத்தேன். ஊற்றி முடிந்தால் பின்னால் போய் இருப்பது வழக்கம். அன்றைக்குப் போகவில்லை. கேத்திலை மேசையில் வைத்தேன்.

"அண்ணை, நான் ஒண்டு கதைக்கவேணும்."

"என்ன கமலம், சீனி முடிஞ்சுதோ?" என்றார் பொன்னையா அண்ணை.

"சீனி கிடக்கு. நான் அண்டைக்குச் சொன்ன முறை பிழை."

கப்புகளைக் கீழே வைத்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்னராசா அண்ணை, பவுசர் வந்தால் உங்களுக்கு எவ்வளவு தண்ணி தாறாங்கள்?"

"நாலு பேருக்கு உள்ளது."

"அஞ்சு ஏக்கருக்கு உள்ளது தரேல்லையோ?"

அவர் சிரித்தார். "குடிக்கிற தண்ணிக்கு ஆர் ஏக்கர் கேக்கிறது?"

"அதைத்தான் சொல்லுறன். நெல்லுக்குப் பாய்ச்சிறதெண்டா ஏக்கர் பாக்கவேணும். இது பிள்ளையளுக்குக் குடுக்கிறது. நான் வாய்க்கால் தண்ணி எண்டு சொல்லிப்போட்டன். பவுசர் தண்ணி எண்டு சொல்லியிருக்கவேணும்."

அவ்வளவுதான் சொன்னேன். இன்னும் சொல்ல நினைத்திருந்தேன். வரவில்லை.

பவளம் எழும்பினா.

"அப்ப எங்கட மூண்டு ஏக்கர் முறை?"

"பவளம், உன்ர மூண்டு ஏக்கரும் வந்து லப்ரொப் தட்டுதோ?" என்றார் பொன்னையா அண்ணை. "வந்தால் சொல்லு. கதிரை போட்டுக் குடுப்பம்."

கட்டடம் முழுக்கச் சிரித்தது. பவளம் சிரிக்கவில்லை. இருக்கவுமில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றா.

"சிரிக்கிறதைச் சிரியுங்கோ" என்றா. "நானும் ஒண்டு சொல்லவேணும். கஜன்ர வேலையை ஒருத்தரும் அழிக்கேல்லை. அவன்தான் சேவ் பண்ணாமல் மூடிப்போட்டு விளையாட ஓடினவன். நேற்றுத்தான் சொன்னான். நான் பிள்ளையளைப் பேசினது பிழை. பிள்ளைத் தலைக்கு இவ்வளவெண்டே வையுங்கோ."

சொல்லிவிட்டு இருந்தா. கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று அவவுக்கு ஆரும் சொல்லவில்லை. அவவை எனக்கு அன்றையிலிருந்து பிடிக்கும்.

சின்னராசா அண்ணை என்னைப் பார்த்தார்.

"முதலும் நீதான் சொன்னனி. இப்பவும் நீதான் சொல்லுறாய். அடுத்த கூட்டத்தில மழைத்தண்ணி எண்டு வராதை."

"வரமாட்டன், அண்ணை."

"கையைத் தூக்குங்கோ பாப்பம்."

தூக்கினார்கள். மேல்வாய்க்காலும் தூக்கியது, கடைவாய்க்காலும் தூக்கியது. அந்தக் கைகளெல்லாம் மண் பிடித்த கைகள். எண்ணி முடிய முதல் நான் கேத்திலைத் தூக்கிவிட்டேன். கண் கலங்கினால் ஆட்கள் பார்ப்பார்கள்.

பவுசர் முறை

அதற்குப் பிறகு படிக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு நேரம். வயல் உள்ளதற்கும் இல்லாததற்கும் ஒன்றுதான். கடைவாய்க்காலிலிருந்து தொடங்குவது மட்டும் மாறவில்லை. தூரத்துப் பிள்ளை வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போகவேண்டும்.

ஊரில் இதற்குப் பவுசர் முறை என்று பெயர். விசுவமடுவுக்கு அங்கால் இரண்டு ஊர்க்காரர் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் இடத்திலும் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பவுசர் முறை என்றுதான் சொல்கிறார்களாம். ஏன் அந்தப் பெயர் என்று அங்கே பிள்ளைகளுக்குத் தெரியாதாம். நிரோஜா ரீச்சர் சொல்லிச் சிரித்தா. அவவுக்கு இப்போது முல்லைத்தீவில் வேலை. சனிக்கிழமைகளில் இன்னும் வருகிறா.

தர்சினி கிளிநொச்சியில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறாள். காலையில் பரந்தன் பஸ்ஸில் போகிறாள். கஜனும் அதே பஸ்ஸில்தான். அவன் இடம் பிடித்து வைப்பானாம். இவள் இருக்கமாட்டாளாம். கேட்டால், "அவன்ர மிச்சத்தில இருந்தது காணும்" என்கிறாள். பகிடிக்குத்தான்.

கேட்பவர்களுக்கு நான் இவ்வளவும் சொல்வதில்லை. மகள் கிளிநொச்சியில் படிக்கிறாள் என்று மட்டும் சொல்வேன். ஆனால் என் மனதில் பெரிதாக இருப்பது பரீட்சை முடிவு வந்த நாள் இல்லை.

புது முறையில் அவளுக்கென்று கிடைத்த முதல் நாள். பின்னேரம். நான் பவளத்தின் முற்றத்தில் கடைசிக் கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் வரம்பால் அவள் வருவது தெரிந்தது. அவளுடைய நேரம் முடிய இன்னும் இருந்தது. வெயில்கூட இறங்கவில்லை.

கிட்ட வந்தாள்.

"ஆர் எழுப்பினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் எழுப்பேல்லை."

"பின்னை?"

"செய்ய இருந்தது முடிஞ்சுதம்மா. அதுதான் வந்தனான்."

சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு செடியை இழுத்தாள். குவியலில் நல்ல முற்றலாகப் பார்த்து ஒரு பிடி கச்சான் எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"சாப்பிடு" என்றேன்.